வால்நுனி

வெனிங் எடுத்த படத்தில் எல்லாம் இருந்தது. வால்நுனி மட்டும் இல்லை.

கண்கள் இருந்தன. முதுகின்மேல் ஒன்றாக மடிந்த சிறகுகள் இருந்தன. தென்னை ஈர்க்கு மாதிரி மெலிந்த கரிய உடல், கடைசிக்குச் சற்று முன்னால் வெளிர்நீலப் பட்டை. அதற்கப்பால் ஒரு சேம்பிலை.

"முகத்த மட்டும் காட்டி, எந்தப் பல்லு சொத்தைன்னு கேக்குறீங்க" என்றார் டாக்டர் குந்தோரோ. அவர் நகரத்தில் பல் மருத்துவர். ஞாயிறு காலைகளில் தட்டான் பார்க்கப் போகும் கூட்டத்துக்குத் தலைவர். "நுனி வேணும் வெனிங். பக்கவாட்டுல."

அவர் சொன்னது சரிதான். நிழல் ஊசித்தட்டானில் இரண்டு வகை. நிறம், அளவு, பறப்பது, உட்காருவது எல்லாம் ஒன்றே. ஆணின் வால்நுனியில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் உண்டு. ஒன்றில் அவை நேராக இருக்கும். மற்றதில் நண்டின் கொடுக்குபோல் வளைந்திருக்கும். நேர்க்கொக்கி மலை முழுக்க இருந்தது. வளைகொக்கியை மெராபி எரிமலையின் இந்தச் சரிவில் அந்தக் கூட்டத்தில் யாரும் கண்டதில்லை.

வெனிங் கண்டாள். ஆலடி ஊற்றின் வடக்கு மூலையில், அது எழுந்து பறந்த கணத்தில். கண்ணுக்கு அகப்பட்டது கேமராவுக்கு அகப்படவில்லை.

அதோடு போயிருந்தால் அடுத்த மழைக்காலம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஊர் கூடி ஊற்றைச் சுத்தம் செய்யும் நாள் நெருங்கியிருந்தது. இந்த வருடம் வடக்கு மூலையின் வேர்களையும் சேம்பையும் பறித்துவிட்டுக் குளிக்கும் படியை அதுவரைக்கும் சிமெண்டால் நீட்டுவதாக முடிவு. அந்தக் குடியிருப்பின் தலைவர் சர்ஜோனோ கெளுத்தி மீன் வளர்ப்பவர்; ஊரார் மரியாதையாக அவரை 'பாக்' என்று கூப்பிடுவார்கள். வெனிங் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"ஒரு பூச்சிக்காகவா?" என்றார் அவர்.

"இங்க மட்டும்தான் இருக்குன்னு நினைக்கிறேன் பாக்."

"நீங்க நினைக்கிறீங்க. உங்க டாக்டர் என்ன நினைக்கிறாரு?"

"படம் சரியில்லைங்கிறாரு."

"அப்போ சரியான படத்தக் கொண்டாங்க, மெனூர் அம்மா. டாக்டர் ஆமான்னு சொல்லட்டும், அந்த மூலைய விட்டுடறேன். எனக்கென்ன, நாலு வாளி சேறு மிச்சம்."

சுத்தம் செய்வது வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. அதற்கு முன் ஒரே ஒரு ஞாயிறு நடைதான் இருந்தது.

அன்று மகள் மெனூரையும் கூட்டிக்கொண்டு போனாள். கணவன் லாரியோடு சுராபாயா போயிருந்தான். மெனூருக்கு ஏழு வயது. தட்டான்களைப் பற்றி அவளுக்கும் ஒரு அக்கறை இருந்தது, ஆனால் வேறு மாதிரி. சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் கூடாரம் போட்டுப் பிள்ளைகள் ஓர் இரவு தங்கப் போகிறார்கள். மெனூர் இன்னமும் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாள். வெனிங் வைத்திருந்தது சலவைக்கடை. ஊர்த்துணி மூட்டைகளுக்கு நடுவே தினமும் சொந்த வீட்டு விரிப்பும் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

தொப்புளில் தட்டானைக் கடிக்கவிட்டால் நின்றுவிடும். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மெனூர் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெனிங் ஒரு வாரமாக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று நடக்கும்போதும் கேட்டாள்.

"எனக்கும் சின்ன வயசுல கடிக்க விட்டாங்க" என்றாள் ராத்ரி, நடந்துகொண்டே. அவள் வங்கியில் காசாளர். வாய் ஓயாதவள்.

"நின்னுச்சா அத்தை?" என்றாள் மெனூர்.

"நின்னுச்சே. கல்யாணத்துக்கு முந்தின நாள்."

எல்லோரும் சிரித்தார்கள். மெனூர் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைக் கீழே இழுத்தாள். "அத்தைகிட்ட ஏம்மா சொன்னீங்க?"

"நான் சொல்லலை. நீதான் இப்போ கேட்ட."

"எங்க அம்மா படமெல்லாம் எடுக்குறாங்க. ஒண்ணே ஒண்ணு பிடிச்சுத் தர மாட்டேங்குறாங்க" என்று மெனூர் டாக்டரிடம் முறையிட்டாள்.

"உங்கம்மா ரொம்ப நேர்மையானவங்க" என்றார் டாக்டர். "அதான் பிரச்சினை."

ஆலமரத்தடியில் நின்று அவர் வழக்கம்போலத் தொடங்கினார். "தொடக்கூடாது."

"பிடிக்கக்கூடாது" என்றது கூட்டம், பள்ளிப் பிள்ளைகளின் ராகத்தில். "இலையக்கூட நகர்த்தக்கூடாது."

கடைசியைச் சொல்லும்போது ராத்ரி வெனிங்கைப் பார்த்துக் கண்ணடித்தாள். போன மாதம் படத்தை மறைத்த ஒரு புல்லை ராத்ரி கிள்ளி எறிந்துவிட்டாள். வெனிங் அத்தனை பேர் முன்னால் கேட்டாள்: "பூச்சிக்கும் புல்லுக்கும் நடுவுல நீ யாரு?" ராத்ரி இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாம் வாரம், தெம்பே என்னும் சோயாக் கட்டியில் போட்ட பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்தாள்.

மற்றவர்கள் வயல் வரப்புப் பக்கம் இறங்கினார்கள். வெனிங் வடக்கு மூலைக்குப் போனாள். மெனூர் குளிக்கும் படியில், வெயிலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் சட்டைக்குப் பின்னால் ஓர் ஈர்க்குச்சி இருந்தது. நுனியில் பலாப்பால். யார் வீட்டுப் பலாவிலிருந்து, எப்போது என்று வெனிங் கேட்கவில்லை. பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

மூலையில் வெளிச்சம் குறைவு. ஆலவேர்கள் நீருக்குள் இறங்கியிருந்தன. வேர்களுக்கு நடுவே சேம்பு. அவள் குந்தி உட்கார்ந்து கண் பழகும்வரை காத்திருந்தாள். கொசு காதைச் சுற்றியது. முதலில் வேர் தெரிந்தது. பிறகு வேரில் முளைத்திருந்த சிறு குச்சி தெரிந்தது. பிறகு அந்தக் குச்சியில் ஒரு குச்சி அதிகமாக இருந்தது தெரிந்தது.

அதுதான். அதே இடம். முன்பு பார்த்த பூச்சியேதானா என்று அவளுக்குத் தெரியாது. கண்கள், சிறகுகள், நீலப்பட்டை. அதற்கப்பால் சேம்பிலை.

இடப்பக்கம் நகர்ந்தாள். வேர் மறைத்தது. வலப்பக்கம் நீர். முழங்கால்வரை இறங்கினாள். கேமராவை நீரை ஒட்டித் தாழ்த்திப் பிடித்தாள். இலையின் அடிப்புறம் தெரிந்தது, அதன் நரம்புகள் தெரிந்தன. வால் தெரியவில்லை. காத்திருந்தாள். பூச்சி ஒருமுறை தலையை மட்டும் திருப்பிக் கண்ணைக் காலால் துடைத்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. வரப்புப் பக்கத்திலிருந்து ராத்ரியின் சிரிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்புகிறார்கள்.

இலை அவள் விரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவள் சுண்டுவிரலை நீட்டினாள். தள்ளவில்லை, தொட்டாள், அவ்வளவுதான். இலையின் குழியில் மழைநீர் ஒரு குண்டாகத் திரண்டு நின்றிருந்தது. அதை அவள் பார்த்திருக்கவில்லை. அது உருண்டது. இலை நுனியிலிருந்து குச்சியின்மேல் விழுந்தது.

பூச்சி எழுந்தது. நிழலுக்குள் போகும் என்று நினைத்தாள். அது திசை தவறி, வேர்களைத் தாண்டி, படிகளின்மேல் விழுந்துகொண்டிருந்த வெயிலுக்குள் போனது. வெயிலில் அது ஒரு நூலிழைபோல் மினுங்கியது. அவளுக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது.

படியோரக் கல்லிலிருந்து ஒரு பச்சைத் தட்டான் கிளம்பியது. காய்ந்த சருகை நொறுக்கியதுபோல் ஒரு சத்தம்.

"அம்மா!" மெனூர் கத்தினாள். "பெருசும்மா! நான் பாத்துட்டு இருந்த பெருசு! எதையோ புடிச்சிருக்கு!"

பச்சைத் தட்டான் தன் இனத்தையே தின்னும். அது ஈரச் சிமெண்டில் உட்கார்ந்து, ஊசித்தட்டானைக் கால்களுக்குள் இறுக்கித் தலையிலிருந்து தொடங்கியிருந்தது. மெனூரின் ஈர்க்குச்சி அதன் பின்னால் ஒரு முழத்தில் வந்து நின்றது.

"மெனூர், இரு."

"ஏம்மா?"

"கொஞ்சம் இரு. நகராத."

"பறந்துடும்."

"பறக்காது. சாப்பிடுது."

"சாப்பிட்டு முடிச்சா பறந்துடுமே."

அதுவும் உண்மைதான். வெனிங் நனைந்த உடையோடு படியில் குப்புறப் படுத்தாள். கேமரா வழியே தாடைகள் அரைப்பது தெரிந்தது. தின்னப்படுவதின் வால் வெளியே நீண்டு, பக்கவாட்டில் திரும்பி, முழு வெயிலில் இருந்தது. நுனியில் கொக்கிகள். அவை திறந்து மூடிக்கொண்டிருந்தன.

வளைந்திருந்தன.

அவள் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கொக்கிகள் திறந்தன, மூடின, திறந்தன. பிறகு மூடவில்லை. அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு சிறகு கழன்று படியில் விழுந்தது.

"இப்போ?" என்றாள் மெனூர். இத்தனை நேரம் குச்சியை அசைக்காமல் பிடித்திருந்தாள்.

வெனிங் வரப்புப் பாதையைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இன்னும் தெரியவில்லை.

"இப்போ" என்றாள்.

பலாப்பால் சிறகில் பட்டது. மெனூர் நான்கு சிறகுகளையும் சேர்த்து இரண்டு விரலில் பிடித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாப் பிள்ளைகளும் பிடிக்கும் பிடி. சட்டையை விரலளவு தூக்கி அதைத் தொப்புளில் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு திறந்தாள்.

"கடிக்க மாட்டேங்குதும்மா."

"வாய் நிறைய இருக்குல்ல."

"எப்போ முடிக்கும்?"

"அதுகிட்டதான் கேக்கணும்."

மெனூர் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள். தாடை அசைவதை வெகு அருகில் பார்த்தாள். "பல்லு இருக்கும்மா" என்றாள் வியந்து. "டாக்டர்கிட்ட சொல்லணும்." மறுபடி வைத்தாள். கொஞ்சம் காத்திருந்தாள். "ஆ! கடிச்சிடுச்சு! கடிச்சிடுச்சும்மா!"

சிறகில் ஒட்டியிருந்த பாலை வெனிங், அன்று காலை தின்ற தெம்பே பஜ்ஜி சுற்றியிருந்த தாளின் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்து எடுத்தாள். பச்சைத் தட்டான் கல்லில் உட்கார்ந்து சிறகை உதறிப் பார்த்தது. பிறகு போய்விட்டது. படியில் ஊசித்தட்டானின் சிறகுகள் கிடந்தன. வால் கிடக்கவில்லை. அதையும் தின்றிருந்தது.

கூட்டம் வந்து சேர்ந்ததும் டாக்டர் கேமராத் திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார்.

"வளைவு" என்றார்.

யாரோ கை தட்டினார்கள். ராத்ரி வெனிங்கின் ஈரத்தோளைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இது வெயிலுக்கு வராதே" என்றார். "எப்படி வந்துச்சு?"

படிமேல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெனிங்கின் உடையிலிருந்துதான்.

"நான் இலையத் தொட்டேன்."

ராத்ரி தாழ்ந்த குரலில், "பூச்சிக்கும் இலைக்கும் நடுவுல நீ யாரு அக்கா?" என்றாள். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் வெனிங்குக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"இன்னொண்ணு பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லை."

அவர் தலையாட்டினார். "வாங்க, சர்ஜோனோ வீட்டுக்குப் போகலாம்."

பாக் சர்ஜோனோ மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கையைக் கைலியில் துடைத்துவிட்டுக் கேமராவை வாங்கினார். டாக்டர் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, இதுதான் அது."

"இதேதான்."

"இத எது தின்னுட்டு இருக்கு?"

"பச்சைத் தட்டான்."

"அப்போ இது செத்துப்போச்சு."

"ஆமா."

"செத்துப்போனதுக்கு எதுக்கு மூலை?"

டாக்டர் வெனிங்கைப் பார்த்தார். வெனிங் மீன்தொட்டியைப் பார்த்தாள். கெளுத்திகள் வாயைத் திறந்து திறந்து மூடின.

"தனியா வந்திருக்காது பாக்" என்றாள்.

"கூட வந்ததப் பாத்தீங்களா?"

"பாக்கலை."

"அப்போ இருக்கா இல்லையான்னு தெரியாது."

"தெரியாது. தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் மூலை வேணும்."

சர்ஜோனோ மீதித் தீனியைத் தொட்டியில் கொட்டினார். நீர் கொதித்தது. "மெனூர் அம்மா, நான் படம் கேட்டேன், நீங்க கொண்டுவந்துட்டீங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா ஊர்ல என்னைக் கேப்பாங்க. வெறும் சேத்துக்குக் காவலான்னு கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை மத்த பக்கமெல்லாம் முடிச்சுட்டு வடக்குக்குக் கடைசியா வரோம். அதுக்குள்ள உயிரோட ஒண்ணு எனக்குக் காட்டுங்க. காட்டிட்டா மூலை உங்களது. இல்லைன்னா சேறு என்னோடது."

ஞாயிறு காலையில் ஊர் ஊற்றில் இறங்கியது. ஆண்கள் மண்வெட்டியோடும் பெண்கள் வாளியோடும் வந்தார்கள். ஆலமரத்தடியில், வேலை முடிந்ததும் எல்லோரும் தின்ன, மஞ்சள் சோற்றுக் கூம்பு வாழையிலைமேல் காத்திருந்தது. வெனிங் விடிந்தவுடனே வந்து மூலையில் குந்தியிருந்தாள். கேமராவை மூடி போட்டுத் தோளில் மாட்டியிருந்தாள்.

வெயில் ஏறியபோது மெனூர் கூடாரப் பையோடு வந்தாள். அவள் தோழியின் அப்பா கொண்டுவந்து விட்டுப் போனார்.

வெனிங் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "என்னாச்சு?"

"நனையலை."

"அடி, பாரேன்!"

"நான் தூங்கவே இல்லைம்மா. பயமா இருந்துச்சு. ராத்திரி பூரா முழிச்சுட்டு இருந்தேன்."

"அப்போ அது கடிச்சது வேலை செஞ்சுதா இல்லையா?"

மெனூர் யோசித்தாள். "இன்னும் தெரியாது" என்றாள். பையைத் தலைக்கு வைத்துப் படியில் படுத்தாள். உடனே தூங்கிப்போனாள்.

மண்வெட்டிகள் கிழக்கை முடித்தன, மேற்கை முடித்தன. நீர் கலங்கி மூலைவரை வந்தது. வேர்களுக்கிடையில் ஒன்றுமில்லை. கேலி பேசினார்கள். "என்னக்கா, பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு!" "மாப்பிள்ளைக்குச் சிறகு முளைக்கணுமாம், அதான் தாமதம்!" வெனிங் சிரித்து வைத்தாள். கண்ணை எடுக்கவில்லை. கால் மரத்துப் போயிருந்தது.

ஒரு குச்சியில் ஒரு குச்சி அதிகமாக இருந்தது.

எப்போது வந்தது என்று தெரியவில்லை. கண்கள். மடித்த சிறகுகள். மிச்சம் சேம்பிலைக்குப் பின்னால். இந்த முறை நீலப்பட்டைகூடத் தெரியவில்லை. அவள் கையை மட்டும் மெல்ல உயர்த்தினாள். சர்ஜோனோ மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"எங்கே?"

அவள் முகவாயால் காட்டினாள்.

"ஒண்ணும் தெரியலையே."

"வேரப் பாருங்க. அப்புறம் குச்சிய. அப்புறம் ஒண்ணும் பண்ணாம பாத்துட்டே இருங்க."

அவர் குந்தினார். பார்த்தார். சேறு அவர் குதிகாலை மூடியது. கொஞ்ச நேரம் கழித்து மூச்சை உள்ளே இழுத்தார்.

"ஏய். கண்ணத் துடைக்குது."

"ம்."

"வாலு எங்கே?"

"இலைக்குப் பின்னால."

"வாலு வளைஞ்சிருக்கணும்னு சொன்னாரே டாக்டர். நேரா இருந்தா?"

"நேரா இருந்தா மலை பூரா இருக்குற வகை."

"இது எது?"

"தெரியாது பாக்."

"அந்த இலையக் கொஞ்சம் தள்ளுங்க, பாத்துடலாம்."

"தள்ள மாட்டேன்."

சர்ஜோனோ அவளைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். அதன் குழியில் ஒரு நீர்க்குண்டு திரண்டு நின்றிருந்தது. அவர் இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார். வேர் மறைத்தது. வலப்பக்கம் ஒரு காலை நீரில் வைத்துக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு கைலியை ஒதுக்கிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலிருந்து மண்வெட்டிக்காரன் ஒருவன் உரக்கக் கேட்டான். "பாக், இந்தப் பக்கம் வெட்டலாமா?"

சர்ஜோனோ திரும்பவில்லை. கையைப் பின்னால் நீட்டி, விரலை விரித்து ஆட்டினார்.

"ஷ்ஷ். போய்ச் சோறு தின்னுங்கடா."